பொன்னுருக்குக்குப் பிறகு அடித்த கோல்

இருபத்தாறு வருடம் கிழக்கு லண்டனில் பஸ் ஓட்டியவன் நான். உதைபந்தாட்டத்தோடு எனக்கு இருந்த ஒரே தொடர்பு, மட்ச் நாட்களில் என் பஸ்ஸை வேறு தெருவால் திருப்பி விடுவார்கள் என்பதுதான். கூட்டம் மேல்தட்டில் ஏறியிருந்து பாட்டுப் பாடும், மணியை விடாமல் அடிக்கும், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் பிறகு என்னைத் திட்டும். இருபத்திரண்டு பேர் ஒரு பந்தை உதைப்பதற்கு அரை நகரத்தை மறிக்க வேண்டுமா என்று மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தியிருக்கிறேன். அவள் பாவம், அவளா மறித்தாள். அப்படிப்பட்ட எனக்குத்தான் பந்து உதைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெல்ஜியக்காரர் மருமகனாக வந்து வாய்த்தார்.

மகள் பார்மசிஸ்ட். அவள் வேலை செய்த மருந்துக்கடைக்கு, முழங்காலில் ஒப்பரேஷன் செய்துகொண்ட ஒரு நெடுவல் வெள்ளைக்காரர் ஊன்றுகோலோடு மாத்திரை வாங்க வந்தார். ஊன்றுகோலை விட்ட பிறகும் வந்தார். மாத்திரை தேவையில்லாத பிறகும் வந்தார். இதற்கு மேல் நான் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்று மகள் சொல்லிவிட்டாள். வெள்ளைக்காரர் என்பதைக்கூட ஒருமாதிரி விழுங்கிக்கொண்டேன். தொழிலைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அதுவும் முப்பது வயதில், முழங்கால் போன பந்தாட்டக்காரர். சொந்தக்காரர் கேட்டால் என்ன சொல்வது? "ஸ்போர்ட்ஸ் சம்பந்தமான வேலை" என்று ஒரு வருடம் சமாளித்தேன். கணினியில் ஏதோ செய்கிறார் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள், நானும் விட்டுவிட்டேன்.

முதல்முறை வீட்டுக்கு வந்தபோது அவர் தன் கதையை ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்புவது போல ஒழுங்காகச் சொன்னார். ஆறு வயதில் ஊர்க் கழகத்தில் தொடக்கம். பதினைந்தில் ஒரு பெரிய கழகத்தின் பயிற்சிப் பள்ளி. பத்தொன்பதில் பெல்ஜியத்தின் இரண்டாம் பிரிவில் முதல் ஆட்டம். பிறகு ஒல்லாந்தில் சில வருடம், திரும்பி வந்து ஒரே ஒரு பருவம் முதல் பிரிவில். அதற்குப் பிறகு லண்டனில் ஒரு சின்னக் கழகம். எந்த இடத்திலும் முன்வரிசை, கோல் அடிப்பவர். லண்டன் ரசிகர்கள் அவர் பெயரில் ஒரு பாட்டே கட்டியிருந்தார்கள் என்று மகள் இடையில் சொன்னாள். அந்தப் பாட்டையும் என் பஸ்ஸில்தான் பாடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு தேநீரைக் குடித்தேன். முழங்காலில் நரம்பு அறுந்து ஒரு வருடம் விளையாட முடியாமல் போனதும், கழகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது உடற்பயிற்சி செய்துகொண்டு, எங்கிருந்தாவது அழைப்பு வருமா என்று காத்திருக்கிறார்.

நான் கோபக்காரன். கோபத்தில் ஒரு நிபந்தனை போட்டேன். கலியாணம் எங்கள் முறைப்படிதான் நடக்க வேண்டும், பொன்னுருக்கிலிருந்து கலியாணத்துக்குப் பிந்திய நாலாம் சடங்கு வரைக்கும் ஒன்றும் குறையக்கூடாது, குறைந்தால் நான் மண்டபத்துக்கே வரமாட்டேன் என்றேன். பந்துக்குப் பின்னால் ஓடித் திரிபவர்களால் இதையெல்லாம் கடைப்பிடிக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னேன். மனைவி குசினிக்குள் எழும்பிப் போய்விட்டாள். அவர் கொஞ்சமும் முகம் மாறாமல், தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லில் சம்மதம் சொன்னார்.

"ஓம்."

அந்த "ஓம்" என்னைப் பின்னால் என்ன பாடு படுத்தியது என்பதுதான் இந்தக் கதை.

பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடக்க வேண்டிய சடங்கு. நல்ல நாள் பார்த்து, தாலி செய்வதற்கான தங்கக் காசை எல்லோர் முன்னாலும் உருக்குவார்கள். மாப்பிள்ளை வீடு பெல்ஜியத்தில் இருந்தது, அங்கே அவருடைய தாயார் மட்டும்தான். ஆகவே பிளேஸ்டோவில் இருக்கும் என் மனைவியின் தங்கை வீட்டையே மாப்பிள்ளை வீடாக்கினோம். மச்சாள் அன்றிலிருந்து மாப்பிள்ளையின் தாய் ஆகிவிட்டாள். அக்காவையே சம்பந்தி என்று கூப்பிட்டு அதிகாரம் பண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை கலியாணம், அதற்கு முந்திய திங்கட்கிழமை பொன்னுருக்கு. நகைக்கடைக்காரர் கரிச்சட்டியோடு வந்து ஊத, புகை எழும்பி வீட்டு அலாரம் அலறத் தொடங்கியது. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு கையை உயர்த்தி, கதிரையில் ஏறாமலே கூரையிலிருந்த அதை நிறுத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு பின்வளவில் கன்னிக்கால் நட்டோம். அதற்கு முள்முருக்குக் கிளைதான் வேண்டும், லண்டனில் அதற்கு எங்கே போவது, மச்சாளின் ஆப்பிள் மரத்தில் ஒரு கிளையை வெட்டி மஞ்சள் துணி சுற்றி ஊன்றினோம்.

பொன் உருக்கிய பிறகு தாலி ஏறும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடாது. வீட்டை விட்டுத் தூரம் போகக்கூடாது. கடல் தாண்டவே கூடாது. இந்தக் காலத்துப் பெடியன்கள் பொன்னுருக்கு முடிந்த கையோடு வேலைக்குப் போய்விடுவார்கள். இவர் அப்படியில்லை. பெரிய ஆட்டங்களுக்கு முன்னால் தங்களையும் ஒரு ஹோட்டலில் அடைத்து வைப்பார்கள், வெளியில் விடமாட்டார்கள், அதனால் தனக்கு இது விளங்குகிறது என்று மச்சாளிடம் சொன்னாராம். மரக்கறிதான் சாப்பிட்டார். வாசல் கேற்றைக்கூடத் தாண்டவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், ஆனால் வெளியில் காட்டவில்லை.

புதன்கிழமை காலையில் மச்சாள் போன் எடுத்தாள்.

"அத்தான், மாப்பிள்ளை நேற்றையிலயிருந்து ஒழுங்காச் சாப்பிடேல்லை. புட்டு அவிச்சனான், ரெண்டு வாய் வைச்சிட்டு எழும்பியிட்டார். பொன்னுருக்கின வீட்டிலை மாப்பிள்ளை பட்டினி கிடந்தா ஆக்கள் என்னைத்தானே சொல்லுவினம்."

போய்ப் பார்த்தேன். பின்வளவில் கன்னிக்காலிலிருந்து வேலி வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடி இருக்குமோ என்னவோ, ஓடித் திரும்பி, ஓடித் திரும்பி. சட்டை நனைந்திருந்தது. என்ன தம்பி, என்ன பிரச்சினை என்று கேட்டேன். ஒன்றுமில்லை மாமா என்றார். அந்த முகத்தில் ஒன்றுமில்லாமல் இல்லை என்பது எனக்கே விளங்கியது. வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்தேன். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பெல்ஜியத்தில் இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று செவ்வாய்க்கிழமை அவரை அழைத்திருக்கிறது. வியாழக்கிழமை ஒரு பரீட்சார்த்த ஆட்டம், பிறகு வைத்தியப் பரிசோதனை. இரண்டிலும் தேறினால் இரண்டு வருட ஒப்பந்தம். வேறு அழைப்பு எதுவும் இல்லை. முப்பது வயதில், அந்த முழங்காலோடு, இனி வரப்போவதும் இல்லை. அவருடைய ஏஜென்ட் கெஞ்சியிருக்கிறார். இவர் வர ஏலாது என்று சொல்லிவிட்டார். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாராம்.

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"அப்பா, அவர் வாக்குக் குடுத்தது உங்களுக்கு. எனக்கில்லை. நான் என்னெண்டு போங்கோ எண்டு சொல்லுறது?"

அவள் சொன்னது சரிதான். நானே அவரைப் போகச் சொல்ல வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்குப் பயமாக இருந்தது. இந்த முறைகளை எல்லாம் நான் நம்புகிறேனா என்று கேட்டால் உறுதியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் மீறி நடந்து, பிறகு மகளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்ற பயம் மட்டும் நல்ல உறுதியாக இருந்தது. ரோசமும் இருந்தது. நான் போட்ட நிபந்தனையை நானே தின்ன வேண்டும். போதாததற்கு, அவர் தேறிவிட்டால் மகளும் பெல்ஜியத்துக்குப் போய்விடுவாள். அந்த எண்ணமும் ஒரு மூலையில் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு வந்தாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு அட்டமி. நாளைக்குப் போ எண்டு உங்கடை அம்மா அழுதழுது சொன்னவ. கேட்டனீங்களே? கேட்டிருந்தா இண்டைக்கு இந்தக் கதிரையிலை இருந்து நியாயம் கதைப்பியளே?"

நான் எழும்பி வெளியில் போய்க் காரில் இருந்தேன். யோசிக்க வேண்டுமென்றால் எனக்கு ஸ்டியரிங் முன்னால் இருக்க வேண்டும், தொழில் பழக்கம். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. கலியாணத்தைச் செய்துவைக்கவிருந்த ஐயருக்குப் போன் எடுத்தேன்.

"ஐயா, பொன்னுருக்கின மாப்பிள்ளை கடல் தாண்டக்கூடாது, என்ன?"

"ஓம், தாண்டப்படாது. அப்பிடித்தான் வழக்கம்."

"தாண்டேல்லை ஐயா. கீழாலை போறம். சுரங்கத்துக்குள்ளாலை, கார் ரெயிலிலை."

மறுமுனையில் ஐயருக்குப் பின்னால் யாரோ மணி அடிப்பது கேட்டது.

"கீழாலை போறதைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லை," என்றார் ஐயர். "ஆனா ஆளைத் தனிய விடாதேங்கோ. பொழுதுபட முந்தி வீட்டை கொண்டுவந்து சேர்த்துப்போடுங்கோ."

அந்த மனிதருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அதையே பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

வியாழன் விடிய ஐந்து மணிக்கு பிளேஸ்டோவில் நின்றேன். ஆனி மாதம், நல்ல வெளிச்சம். மச்சாள் இடியப்பப் பார்சலும் சம்பலும் ஒரு போத்தல் தேநீரும் தந்தாள். பிறகு சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு பாக்குவெட்டியை எடுத்தாள். காத்துக் கறுப்பு அண்டாமல் மாப்பிள்ளையின் கையோடு இரும்பு ஏதாவது இருக்க வேண்டுமாம்.

"இதைக் கொண்டு போர்டருக்குப் போனா ரெண்டு பேரையும் உள்ளுக்கை போட்டிடுவாங்கள்," என்றேன். "கார் முழுக்க இரும்புதான். பேசாமல் விடு."

மாப்பிள்ளை முன் சீட்டில், காலுக்கு இடையில் சப்பாத்துப் பையை வைத்துக்கொண்டு, பாடசாலைக்குப் போகிறவர் போல இருந்தார். சுரங்க ரெயிலில் காரை ஏற்றி நிறுத்தியதும், தலைக்கு மேலே கடலா என்று கேட்டார். ஓம், தாண்டவில்லை என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல்தரம்.

அந்தப் பக்கம் ஏறிய பிறகு தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். பால் லொறி ஓட்டியவர். மகனை ஒவ்வொரு பயிற்சிக்கும் அவரே கூட்டிப் போவார், ஆட்டம் முடியும்வரை வேலிக்கு வெளியில் நிற்பார். முதல் ஆட்டம் விளையாடிய அந்த வருடமே தகப்பன் செத்துப்போனார். தாயார் மகனின் கால் முறிவதைப் பார்க்க முடியாது என்று மைதானத்துக்கே வரமாட்டார். அன்றிலிருந்து தான் விளையாடும்போது கூட்டம் இருந்திருக்கிறது, வீட்டு ஆள் என்று ஒருவரும் இருந்ததில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். மூன்று வருடம் என் பஸ் பாதையில் இருக்கும் மைதானத்தில் விளையாடியவர். ஒரு நாள் நான் இறங்கி எட்டிப் பார்த்திருக்கலாம்.

அது பெரிய மைதானம் அல்ல. கழகத்தின் பிரதான மைதானத்துக்குப் பின்னாலிருந்த பயிற்சிப் புல்தரை. கழகத்தின் இரண்டாம் அணிக்கும் இவரைப் போல வந்த சிலருக்கும் ஆட்டம். பார்க்க வந்தவர்கள் பயிற்சியாளரும் இன்னும் மூன்று நாலு பேரும். நான் கம்பி வேலிக்கு வெளியில் இடியப்பப் பார்சலோடு நின்றேன்.

பந்தாட்டத்தை நான் அன்றுதான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். மருமகனை மட்டும் பார்த்தேன், அதனால் கொஞ்சம் விளங்கியது. அவர் பந்துக்குப் பின்னால் ஓடவில்லை. பந்து வரக்கூடிய இடத்துக்கு ஓடினார். பந்து வராது. திரும்பி நடந்து வந்து, மறுபடியும் இன்னொரு இடத்துக்கு ஓடுவார். அதற்கும் வராது. ஒருவரும் நிற்காத நிறுத்தத்துக்கும் நேரத்துக்குப் பஸ்ஸைக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குப் பயிற்சி தந்தவர்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. முகத்தில் சலிப்பே இல்லை. இதுதான் வேலை என்பது போல ஓடினார். பந்துக்குப் பின்னால் ஓடித் திரிபவர் என்று அந்த மனிதரின் முகத்துக்கு நேரே சொன்ன என் வாயை என்ன செய்வது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் பாதியில் அந்தக் கோல் விழுந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். கோல் விழுந்ததும் அவர் துள்ளவில்லை, கத்தவில்லை. சொக்ஸை இழுத்து விட்டுக்கொண்டு வேலிப் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் கையை உயர்த்தினேன். கையில் போத்தல் மூடி இருந்தது, அதோடு உயர்த்தினேன்.

பயிற்சியாளருக்கு அவரைப் பிடித்துவிட்டது. தோளில் தட்டி, பிரதான கட்டடத்துக்குள் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார்கள். நான் ஒரு நடைபாதையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் தூரப் போனாலும் பரவாயில்லை, இவருக்கு இது கிடைக்கட்டும் என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன், அதற்கு முருகன் சாட்சி.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. கதவு திறந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் படித்த இன்னொரு தமிழ்ச் சொல்லில் சொன்னார்.

"ஏலாது மாமா."

முழங்காலுக்குள் மெத்தைபோல இருக்க வேண்டியது தேய்ந்து முடிந்துவிட்டதாம். இன்னும் ஒரு பருவம் விளையாடினால் நாற்பது வயதில் படி ஏற முடியாது என்று வைத்தியர் படத்தைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். தேறியதாகக் கையெழுத்துப் போட வைத்தியர் மறுத்துவிட்டார். பயிற்சியாளர் வெளியில் வந்து இவரைக் கட்டிப்பிடித்தார், பிறகு என் கையையும் பிடித்துக் குலுக்கினார். தகப்பன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் திருத்தவில்லை.

திரும்பி வரும்போது ரெயில் ஏறும் கலே வருமுன் இடியப்பத்தைச் சாப்பிட்டார், முழுவதையும். கார் ரெயிலுக்குள் ஏறி, கதவுகள் மூடி, ரெயில் கடலுக்குக் கீழே இறங்கியபோது நான்தான் கேட்டேன்.

"என்னோடை கோவமோ தம்பி?"

அவர் ஆங்கிலத்தில் சொன்ன பதில் எனக்குள் தமிழில்தான் இருக்கிறது. "நீங்கள் கூட்டிக்கொண்டு வராமல் விட்டிருந்தால் கோபம் இருந்திருக்கும் மாமா. ஆனால் சொல்லியிருக்க மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டிருப்பேன். சாப்பிடும்போதெல்லாம், அந்த வியாழக்கிழமை போயிருந்தால் என்று நினைத்திருப்பேன். இப்போது ஒருவரிலும் பிழை இல்லை. முழங்கால்தான். அதற்காக உங்களுக்கு நன்றி."

என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு மனிதர் இருபது முப்பது வருடம் என்னை மன்னித்துக்கொண்டே சாப்பிட்டிருப்பார், எனக்குத் தெரியாமலே. மயிரிழையில் தப்பியிருக்கிறேன்.

பிறகு அவர் கேட்டார். "அந்தக் கோலைச் சொல்லுங்கள். நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் முழுவதும் பார்த்தீர்கள்."

அந்த ஆட்டத்தை ஒருவரும் படம் பிடிக்கவில்லை. எந்தப் பதிவிலும் அது இல்லை. ஆறு வயதில் தொடங்கிய ஒருவருடைய கடைசிக் கோலை, பந்தாட்டம் தெரியாத ஒரு பஸ் டிரைவர் சொல்ல வேண்டி வந்தது. சொன்னேன். இடப்பக்கத்தால் செம்பட்டைத் தலைப் பெடியன் ஒருவன் பந்தைக் கொண்டு ஓடினான். எல்லோரும் கோலுக்குக் கிட்ட ஓடினார்கள், நீங்கள் மட்டும் இரண்டடி பின்னுக்கு வந்தீர்கள். ஏன் இந்த மனிதர் பின்னுக்கு வருகிறார் என்று நான் நினைத்தேன். பந்து எல்லாருடைய தலைக்கும் மேலால் வந்து சரியாக உங்கள் முன்னால் விழுந்தது. நீங்கள் அவசரப்படவில்லை. ஒருதரம் நிலத்தில் குத்த விட்டு, வலது காலின் உட்புறத்தால் மெல்லத் தட்டினீர்கள். பந்து புல்லோடு புல்லாகப் போய் மூலைக்குள் விழுந்தது. கோல்காரன் நிலத்தில் இருந்துவிட்டான்.

அவர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணால் நீர் வடிந்தது. துடைக்கவில்லை.

"இன்னொருக்கா," என்றார்.

இன்னொருதரம் சொன்னேன். சொல்லி முடிக்க ரெயில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பொழுதுபடுமுன் பிளேஸ்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மூன்றாம் நாள் தாலி ஏறியது. மண்டபத்தில் என் பெரியப்பா மகன் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டான். பந்தாட்டக்காரர், முன்வரிசை என்றேன். பக்கத்து மேசைக்கும் கேட்கத்தான் சொன்னேன்.

இப்போது அவர் ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள், பேத்தி என் தோளில் ஏறியிருப்பாள். வந்தவர்கள் யாராவது அவருடைய விளையாட்டுக் காலத்தைப் பற்றிக் கேட்டால் ஊர்களையும் வருடங்களையும் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டு, "கடைசிக் கோலை மாமா சொல்லுவார்" என்று என் பக்கம் திரும்புவார். நான் பேத்தியை இறக்கிவிட்டு எழும்புவேன். இருந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கு வராது. கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். முடித்ததும் ஒவ்வொரு முறையும் அவர் "நன்றி மாமா" என்கிறார், தமிழில். நன்றி சொல்ல வேண்டியவன் நான் என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, மகள் வாசித்துக் காட்டட்டும்.